சிலுப்பாத கிடா

தாரணியின் ஆடு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அரசு ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஒரு காலத்தில் ரேஷன் அரிசி மூட்டை அடுக்கியிருந்த கிடங்கில், மாத்திரைப் பழக்கத்திலிருந்து மீள வந்த கர்ப்பிணிப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் அதில் பங்கு கொடுத்து, மிச்சத்தை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டிருந்தபோது, ஆறு மாத வயிற்றோடு கடைசி வரிசையில் இருந்த தாரணி விட்ட மூச்சு மட்டும் முடியாமல் நீண்டுகொண்டே போனது. ஒருவழியாக அது முடிந்து அவள் கண்ணைத் திறந்தபோது, பாயின் ஓரத்தில் கருப்பும் செவலையுமாக ஒரு கிடா நின்று அவள் முந்தானையை மென்றுகொண்டிருந்தது. கிடங்குக்கு ஒரே கதவு, அதுவும் உள்ளே தாழ் போட்டிருந்தது. யோகா டீச்சர் ஜெசிந்தா எழுந்து வந்து எட்ட நின்று பார்த்தாள், ஆட்டுக்கு இடம்விட்டுப் பாயைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னாள், "சரி, இப்ப எல்லாரும் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க" என்றாள்.

கல்லாம்பாளையத்தில் இப்படி ஒன்று நடந்தால் ஆடு யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்களே தவிர, எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் பொழுது கிடையாது. பகலும் ராத்திரியும் பவர்லூம் தறி ஓடுகிற ஊர். தறிச் சத்தத்தில் பிறந்து, தறிச் சத்தத்தில் தூங்கி, ரகசியத்தைக்கூட உரக்கவே பேசிப் பழகிய ஊர். ஆடு தாரணியுடையதுதான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அவள் எழுந்தால் அது எழுந்தது, அவள் கக்கூசுக்குப் போனால் கதவுக்கு வெளியே காத்து நின்றது, அவள் டவுன் பஸ் ஏறினால் அதுவும் ஏறி இன்ஜின் பக்கத்தில் நின்றுகொண்டது. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆடு எதனுடையது என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் சுகந்தி. தாரணிக்குப் பக்கத்துப் பாயில் உட்காருகிறவள், அவளுக்கும் அதே மாசம், அதே மாத்திரை. கிடாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கண்ணப் பாருக்கா. மாத்திரை தீந்துபோன அன்னிக்கி நம்ம கண்ணு இப்படித்தான இருக்கும்" என்றாள். தாரணி குனிந்து பார்த்தாள். வாஸ்தவம்தான். கண்ணாடியில் எத்தனையோ காலை பார்த்த கண்.

தாரணி கல்யாணமாகி வந்த நாள் முதல் தறிக்குடோனில் வேலை பார்த்தவள். தறிகளுக்கு நடுவே நின்று, நூல் அறுந்தால் முடிந்து, தீர்ந்தால் நாடா மாற்றி, மறுபடியும் நின்று, ஷிப்ட் முடியும்போது கால் இரண்டும் யாரிடமோ இரவல் வாங்கியது போல ஆகிவிடும். கூட வேலை பார்த்த பெண்கள் முந்தானை முடிச்சில் ஒரு வெள்ளை மாத்திரை வைத்திருந்தார்கள். ஒருத்தி கொடுத்தாள், இவள் போட்டாள், கால் வலி போயிற்று. அப்புறம் இடுப்பு வலிக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று, மாமியார் பேசிய பேச்சுக்கு ஒன்று, வீட்டுக்காரன் சம்பத் ஒன்றும் பேசாமல் இருந்ததற்கு ஒன்று, கடைசியில் எந்த வலியும் இல்லாத நாளில், மாத்திரை இல்லையே என்கிற வலிக்கு ஒன்றுக்கு இரண்டாக. வயிற்றில் பிள்ளை தங்கியது தெரிந்ததும் அவளுக்கு ரோஷம் வந்து, இருந்ததையெல்லாம் சாக்கடையில் கொட்டிவிட்டுப் படுத்தாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட, எலும்புக்குள் எறும்பு ஓட, சம்பத் அவளை மொபெட்டில் வைத்துத் துப்பட்டியால் தன்னோடு சேர்த்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். டாக்டர் மங்கையர்க்கரசி அவளைத் திட்டவில்லை. "நல்ல காரியம்தான் பண்ணியிருக்க, ஆனா தப்பா பண்ணிட்ட. ஒரே வெட்டா வெட்டுனா நீ தாங்கிக்குவ, உள்ள இருக்கறது தாங்காது" என்றாள். தினமும் நர்ஸ் கண்ணெதிரே நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற மருந்து கொடுத்தாள், இது பழைய மாத்திரையின் இடத்தில் காவல் உட்காருகிற மருந்து, நான் சொல்லும்வரை ஒருநாளும் விடக் கூடாது என்றாள், அதோடு ஜெசிந்தாவின் வகுப்புக்கும் அனுப்பிவைத்தாள்.

ஜெசிந்தா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், தாரணியைவிட வயதில் சின்னவள், கடலைப் பார்த்து வளர்ந்தவள், ஆடென்றால் அவளுக்கு உள்ளூரப் பயம். அதனால் நாலடி தள்ளி நின்றேதான் பாடம் சொன்னாள். "வந்துருக்கு. இருக்கட்டும். விரட்டவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம். உங்க மூச்சைப் பாருங்க, நடுநடுவுல அதையும் ஒரு பார்வை பாருங்க, அவ்வளவுதான்." இதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அவள் சொன்னதுதான் பலித்தது. தாரணி விரட்டினால் கிடா கொம்பைத் தாழ்த்தி முட்ட வந்தது. பாவமென்று தடவிக்கொடுத்தால் மடியில் ஏறி மூச்சுமுட்டப் படுத்தது. ஒருநாள் பழைய சிநேகிதி பஸ் ஸ்டாண்டில் கையில் திணித்த வெள்ளை மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்தாள், வீடு போய்ச் சேர்வதற்குள் கிடா கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்து வாசற்படியில் நுழைய முடியாமல் நின்றது. அவள் திரும்பி நடந்து மாத்திரையை டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு அழுதுமுடித்த பிறகுதான் பழைய அளவுக்கு வந்தது. ஆனால் அவள் பேசாமல் எதிரே உட்கார்ந்து, இழுத்து விட்டு, இழுத்து விட்டு, அதையும் பார்த்துக்கொண்டிருந்தால், முன்னங்காலை மடித்துப் படுத்து அசைபோட ஆரம்பித்துவிடும். தின்பதற்கு ஒன்றும் கொடுக்காத ஆடு எதை அசைபோடுகிறது என்று தாரணிக்கும் புரிந்ததில்லை.

ஒரு வாரம் போவதற்குள் கிடங்கில் எல்லாப் பாய்க்கும் ஓர் ஆடு வந்துவிட்டது. சுகந்திக்கு வெள்ளைக் கிடா, மூலையில் உட்காரும் வாய்பேசாத பெண்ணுக்கு ஓயாமல் கத்துகிற ஒன்று. ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஊர் எதைத்தான் எடுத்துக்கொள்ளவில்லை? பஸ் கண்டக்டர் முதலில் ஆட்டுக்கு அரை டிக்கெட் என்றான், பிறகு பிரயாணிகளைவிட ஆடுகள் ஒழுங்காக நிற்பதைப் பார்த்து அதையும் விட்டுவிட்டான். நகராட்சி சுகாதார ஆய்வாளர் புழுக்கை கிடக்குமே என்று நோட்டீஸ் எழுதக் கிளம்பிவந்து, எங்கே தேடியும் ஒரு புழுக்கை கிடைக்காமல் முகம் வாடித் திரும்பிப் போனார். கறிக்கடை காதர் பாய் ஆசையோடு வந்து தாரணியின் கிடாவை முதுகில் தடவி, விலாவில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல கறியே இல்லம்மா, வெறும் பசிதான் இருக்கு" என்று கையைக் கழுவிக்கொண்டார். வளைகாப்பு நடத்தியவர்கள் ஆட்டின் கொம்புக்கும் இரண்டு வளையல் போட்டார்கள், விட்டுவிட்டால் கண்பட்டுவிடும் என்று யாரோ சொன்னதால். பக்கத்துக் குடோன்காரர் வகுப்பு நேரத்தில் தறியை நிறுத்திவைத்தார். அந்த அரைமணி நேரம் தெரு முழுக்கப் பெண்கள் மூச்சு விடுவது கேட்டது, டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கூட அந்தத் தாளத்தில் கழுவினார். ஆம்பளைகள் சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு சுவருக்கு வெளியே உட்கார்ந்து தாங்களும் மூச்சு விட்டுப் பார்த்தார்கள். அதில் ஒரு மேஸ்திரிக்கு எருமையே வந்துவிட்டது. அவர் பயந்துபோய் மறுநாளிலிருந்து வரவில்லை. எருமை மட்டும் நாள் தவறாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிற்று.

இந்த ஊர்க் கூத்தில் சேராமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் தாரணியின் மாமியார் பாவாயி ஒருத்திதான். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக நூல் சுற்றிப் பிள்ளையை வளர்த்தவள், எதையும் அரைகுறையாக விடுகிற ஜாதியில்லை. மருமகள் மாத்திரைக்காரி என்று தெரு பேசியபோது அவளுக்கு நெஞ்சு எரிந்ததென்னவோ நிஜம். அந்த எரிச்சலை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் இருந்தவளுக்கு, இதோ நாலு காலும் இரண்டு கொம்புமாக ஒன்று வாசலில் வந்து நின்றது. பாவாயி அன்றைக்கே கருப்பராயன் கோயிலுக்குப் போய் வேண்டுதல் வைத்துவிட்டு வந்தாள்.

"பொங்கலுக்கு இந்தக் கெடாய வெட்டீரலாம். உன்னையப் புடிச்ச சனியன் ஒரே வெட்டுல தீந்துது" என்றாள், கன்னத்தில் புகையிலையை அதக்கிக்கொண்டே.

"அத்தை, டாக்டரம்மா ஒரே வெட்டா விடக் கூடாதுன்னாங்க. கொஞ்சங்கொஞ்சமாத்தான் போகோணும்ங்க."

"டாக்டரம்மாளுக்குச் சாமியப் பத்தி என்ன தெரியும்?"

தாரணி எழுந்து உள்ளே போனாள், கிடாவும் கூடவே போனது. ஆனால் அடுத்த வாரமே சுகந்தி விஷயம் நடந்தது. சுகந்தியின் புருஷன் இந்த வேண்டுதலைக் கேள்விப்பட்டு, இவ்வளவு சுலபமான வழி இருக்கையில் பொங்கல் வரைக்கும் எதற்குக் காத்திருப்பது என்று, வீட்டுக் கொல்லையிலேயே வெள்ளைக் கிடாவை வெட்டிப்போட்டான். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. அருவாள் கழுத்தில் இறங்கிய அதே நொடியில், அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த சுகந்தி கரண்டியோடு கீழே விழுந்தாள், உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, வயிறு கல்லாக இறுகியது. டாக்டர் மங்கையர்க்கரசி போராடித்தான் இரண்டு உயிரையும் காப்பாற்றினாள்; பிள்ளை மாசம் நிறையாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. சுகந்தி கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கிடா நின்றது, முன்னைவிட இரண்டு மடங்கு உயரத்தில்.

பாவாயி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியை நெடுநேரம் பார்த்தாள். இதைப் பார்த்தாவது மனசு மாறும் என்று தாரணி நம்பினாள். பாவாயி வெளியே வந்து உமிழ்ந்துவிட்டுச் சொன்னதுதான் கல்லாம்பாளையத்துக்காரியைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாத நியாயம்.

"பாவி, உத்தரவு கேக்காம வெட்டிப்போட்டான். தண்ணி தெளிச்சு, கெடா சிலுப்புதான்னு பாக்கோணுமில்ல? சிலுப்பாத கெடாய வெட்டுனா சாமி சும்மா உடுமா? நம்ம மொறையாப் பண்ணுவம்."

அந்தப் பக்கத்தில் அதுதான் முறை. மாலை போட்டு நிறுத்திய கிடாவின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம், உடனே அருவாள் இறங்கும். சிலுப்பாவிட்டால் யாரும் கைவைக்க முடியாது, அது சாமிக்குச் சொந்தமான ஆடு, இருக்கும்வரை இருக்க வேண்டியதுதான். ஆனால் குளிர்ந்த தண்ணீர் மேலே விழுந்தால் எந்த ஆடுதான் சிலுப்பாமல் இருக்கும்? சிலுப்பாமல் போன ஆட்டை அந்த ஊரில் உயிரோடிருப்பவர்கள் யாரும் பார்த்ததில்லை.

"வரமாட்டன்னு மட்டும் சொல்லிப்போடாத" என்றாள் பாவாயி. "சனியனக் கட்டிக்கிட்டுத்தான் பொழைப்பேன்னா, உங்கப்பன் ஊட்டுல போயிப் பொழை. புள்ளை பொறந்ததும் நான் எடுத்துக்குவன். மாத்திரைக்காரி கையில எம்பட பேரப்புள்ளையக் குடுக்க மாட்டன்."

சம்பத் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அம்மா சொன்னா கேக்காதுன்னு உனக்கே தெரியுமல்ல தாரணி" என்று மட்டும் சொன்னான். அவன் நல்லவன்தான், அவன் நல்லதனத்தை வைத்து ஒரு காப்பி போட முடியாது, அவ்வளவுதான்.

தாரணி இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். வெட்டினால் பிள்ளை போகும், வெட்டாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அன்று கிடா இடுப்பளவு வளர்ந்து அவள் கையையே முகர்ந்துகொண்டிருந்தது. ஒன்றே ஒன்று போட்டால் இந்த யோசனையெல்லாம் பஞ்சாகப் பறந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது, மாத்திரை எந்தக் கடையில், எந்தப் பெண்ணிடம், எந்த முடிச்சில் கிடைக்கும் என்பதுவரை வரிசையாகத் தோன்றியது. அவள் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். வந்திருக்கு, இருக்கட்டும் என்றாள். மூச்சை இழுத்தாள். கிடா நெடுநேரம் நின்று பார்த்துவிட்டுப் படுத்தது. அது படுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரிடமும் ஜெசிந்தாவிடமும் பொங்கலுக்கு ஆட்டோடு தானே கோயிலுக்குப் போவதாகச் சொன்னாள். டாக்டர் மங்கையர்க்கரசி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "போலீஸ்ல சொல்லி நிறுத்திடறேன். நீ அந்தப் பக்கமே போகாத."

"போலீசு வந்துட்டுப் போயிருமுங்க. அப்பறமும் நான் அந்த ஊட்டுலதானுங்க இருக்கோணும்" என்றாள் தாரணி. "ஏனுங்க, பயப்படாதீங்க. எம்பட ஆட்ட எனக்குத் தெரியும்."

ஜெசிந்தா அவளையே பார்த்தாள். "கொட்டடிப்பாங்கக்கா. கூட்டமா இருக்கும். தண்ணி ஊத்துவாங்க."

"ஊத்தட்டும்."

பொங்கலன்று கருப்பராயன் கோயில் வேம்பின் நிழல் கொள்ளாத கூட்டம். தாரணிக்கு எட்டு மாசம் நிறைந்திருந்தது. காலையிலேயே நர்ஸ் முன்னால் மருந்தைக் கரைத்து முடித்துவிட்டு, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, கிடாவுக்கு மாலை போட்டுத் தானே அழைத்து வந்தாள். கயிறு கட்டவில்லை, அது எங்கே போய்விடப் போகிறது? டாக்டர் ஆம்புலன்ஸைக் கோயில் மதிலுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, அதன் கதவைப் பிடித்தபடியே நின்றாள். பூசாரி கற்பூரம் காட்டினார். அருவாக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். தாரணி கிடாவுக்கு எதிரே, அருவாள் விழும் தூரத்துக்குள்ளேயே, தரையில் பாய் விரித்து உட்கார்ந்தாள். வாயும் வயிறுமாக இருப்பவளை எழுந்திரு என்று சொல்ல ஆளில்லை. அவளுக்குப் பின்னால் கிடங்குப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து பாய் விரித்தார்கள், ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒவ்வோர் ஆடு. பச்சை உடம்போடு சுகந்தியும் வந்து, அந்தப் பெரிய வெள்ளைக் கிடாவை ஒட்டி உட்கார்ந்தாள். கடைசியில் ஜெசிந்தா ஆடுகளுக்கு நடுவே, பயத்தை விழுங்கிக்கொண்டு, முதல்முறையாக நாலடி தள்ளி இல்லாமல் உட்கார்ந்தாள்.

கொட்டு முழங்கியது. பாவாயி தன் கையால் செம்பை எடுத்து, "கருப்பராயா, உத்தரவு குடு சாமி" என்று மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் தலையிலிருந்து வால்வரை ஊற்றினாள்.

தண்ணீர் பட்டதும் கிடாவின் முதுகில் மயிர் வரிவரியாக எழுந்தது, அதே நேரத்தில் தாரணியின் உடம்பிலும் எழுந்தது. உள்ளங்காலிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி, தொடை ஏறி, இடுப்பைச் சுற்றிக்கொண்டு, நாக்குக்கு அடியில் வந்து நின்று, ஒன்று போதும், ஒன்றே ஒன்று போதும் என்று கெஞ்சியது. வயிற்றில் பிள்ளை புரண்டு காலால் உதைத்தது. எதிரே கிடாவின் காது துடித்தது, கழுத்து ஒருபக்கம் சாய்ந்தது, இதோ சிலுப்பப்போகிறது என்று கூட்டம் முழுவதும் ஒரே வாயாக மூச்சைப் பிடித்தது. தாரணி மட்டும் பிடிக்கவில்லை. அவள் விட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை விட்ட மூச்சைவிட நீளமாக, அவசரமே இல்லாமல், வந்திருக்கு, இருக்கட்டும், இதுவும் என்னுடையதுதான், ஆனால் இது நான் இல்லை என்று விட்டாள். பின்னாலிருந்த பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு தாங்களும் விட்டார்கள். கிடாவின் முதுகில் எழுந்த மயிர் கழுத்திலிருந்து வால்வரை மெல்ல மெல்லப் படிந்தது.

மறுபடியும் ஊற்றினார்கள். மறுபடியும் எழுந்தது, மறுபடியும் படிந்தது. பூசாரி காதுக்குள் தண்ணீர் விட்டார், கொட்டுக்காரர்கள் நெருங்கிவந்து அடித்தார்கள், குடம் குடமாகக் கிணற்றிலிருந்து வந்தது, மஞ்சள் சேறு தாரணியின் பாயை நனைத்தது. வெயில் உச்சிக்கு ஏறி, சாய ஆரம்பித்தது. எத்தனை நேரம்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது? கூட்டமும் வேறு வழியில்லாமல் விட ஆரம்பித்தது. பெண்கள் இழுக்கும்போது இழுத்து, விடும்போது விட்டது. கொட்டு தானாக வேகம் குறைந்து அந்தத் தாளத்துக்கு வந்து சேர்ந்தது. அருவாக்காரர் கால் வலித்து உட்கார்ந்தார், உட்கார்ந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். கிடா ஒருமுறை தாரணியைப் பார்த்தது, சேற்றில் முன்னங்காலை மடித்தது, படுத்து அசைபோட ஆரம்பித்தது.

பூசாரி பாவாயியைப் பார்த்துக் கையை விரித்தார். "உத்தரவு இல்லீங்க. இனி இது சாமி ஆடு."

பாவாயி வெறும் செம்போடு நின்றாள். பொழுதெல்லாம் நின்றபடி கிடாவையே முறைத்துக்கொண்டிருந்தவள், தனக்குத் தெரியாமலேயே கூட்டத்தோடு மூச்சை இழுத்து இழுத்து விட்டிருந்தாள். இப்போது அவள் சேலைக் கொசுவத்தை என்னவோ இழுத்தது. திரும்பிப் பார்த்தாள். புகையிலை நிறத்தில், முழங்கால் உயரத்தில், ஒரு குட்டி நின்று அவள் இடுப்புச் சுருக்குப்பையை முகர்ந்துகொண்டிருந்தது. ஊரே பார்த்தது, ஊரே வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. பாவாயி குட்டியை முந்தானையால் மூடி இடுப்பில் தூக்கிக்கொண்டு, தாரணியின் பக்கம் பாராமலே சொன்னாள்.

"ஆடு பொழைச்சுக்கிச்சு. நீ பொழைச்சியான்னு புள்ளை பொறக்கையில பாக்கலாம். சொன்ன சொல்லு சொன்னதுதான்."

அடுத்த மாசம், ஊரில் தறிகள் முழுமூச்சில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பகல் வேளையில், தாரணிக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஜெசிந்தா தலைமாட்டில் நின்று மூச்சை எண்ணாமல், கூடவே இழுத்துக் கூடவே விட்டாள். கிடா கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. அது இப்போது அங்கே நுழைகிற அளவுக்குச் சிறுத்திருந்தது. பிள்ளை நல்ல எடை, நல்ல குரல். ஆனால் சாயங்காலம் ஆனதும் அதன் கை நடுங்கியது, முகவாய் நடுங்கியது, பிறகு பூப்போன்ற உடம்பு முழுக்க ஓர் உலுக்கு உலுக்கிப் போட்டது. இப்படி வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாள்: "நீ மருந்து எடுத்துக்கிட்டதால வர்றது. பயப்படக் கூடாது. பக்கத்துலயே இருந்து பாத்துக்கறோம், தேவைப்பட்டா மருந்து குடுப்போம். அதுக்கு மொத மருந்து உன் நெஞ்சுதான், வெறும் நெஞ்சுல போட்டுக்கிட்டு மெதுவா மூச்சு விடு, தாய்ப்பால் குடு." தாரணிக்கு எல்லாம் தெரியும். தெரிந்திருந்தும், பிள்ளை தொட்டிலில் உலுக்கிப் போடுகிற நேரம் பார்த்து வார்டு வாசலில் பாவாயி வந்து நின்றதைக் கண்டதும், அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பாவாயி தொட்டிலருகே வந்து குனிந்தாள். இடுப்பில் குட்டி இருந்தது, கன்னத்தில் புகையிலை இல்லை. அவள் கண்ணெதிரே பிள்ளை இன்னொரு முறை, தலையிலிருந்து கால்வரை, சிலுப்பியது.

வார்டில் இருந்த பெண்களெல்லாம் அதைப் பார்த்தார்கள். கல்லாம்பாளையத்தில் சிலுப்புக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர்கள் அங்கே ஜெசிந்தாவைத் தவிர யாருமில்லை. பாவாயி நிமிர்ந்தாள். "உத்தரவு குடுத்துட்டா" என்றாள்.

தான் வகுப்பில் கற்றது, கோயிலில் ஜெயித்தது எல்லாம் இந்த ஒரு வார்த்தையோடு போயிற்று என்று தாரணி நினைத்தாள். கட்டிலுக்கு அடியில் கிடா எழுந்து நின்று கொம்பு இடித்த சத்தம் கேட்டது. "எதுக்குங்க அத்தை?" என்று கேட்டாள்.

பாவாயி இடுப்புக் குட்டியைத் தரையில் இறக்கிவிட்டாள். இரண்டு கையையும் தொட்டிலுக்குள் விட்டு, நடுங்குகிற பிள்ளையைத் துணியோடு வாரி எடுத்தாள். எடுத்து, வாசல் பக்கம் திரும்பாமல், துணியை விலக்கி, தாரணியின் நெஞ்சில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் மேலே மூடிக்கொண்டாள்.

"உங்கிட்ட இருக்கறதுக்குத்தான், வேற எதுக்கு" என்றாள். "சித்த மூச்சு உடு அம்முணி. அன்னிக்கி உட்டயே, அந்தாட்ட."

தாரணிக்குக் கண்ணீர் காது வரை வழிந்தது. அவள் மூச்சை இழுத்தாள், பிள்ளைக்கும் அதில் பங்கு கொடுத்தாள், மிச்சத்தை மெதுவாக வெளியே விட்டாள். பாவாயியும் விட்டாள். பிள்ளை இன்னும் ஒரு தடவை சிலுப்பியது, அப்புறம் ஒரு தடவை சின்னதாக, அப்புறம் விரலை மடக்கிக்கொண்டு தூங்கிப்போயிற்று. நாளைக்கும் நடுங்கும், அதற்கு மறுநாளும் நடுங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். கட்டிலுக்கு அடியில் பெரிய ஆடு படுத்த இடத்திலேயே குட்டியும் போய்ப் படுத்து, இரண்டும் அசைபோட்டுக்கொண்டிருந்தன. இருக்கட்டும்.